இராகத்துக்குள்ளிருந்தே பிறக்கட்டும் உடன்குரல்

சேர்ந்திசைக்கு மெட்டமைப்பது பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் நான், நம் தேவாலய இசையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் தேவாலயங்களில் இரு மரபுகள் அருகருகே வாழ்கின்றன. பாமாலைகளை மேலைநாட்டு மெட்டில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலில் பாடுகிறோம். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இராகத்தில் அமைத்த கீர்த்தனைகளையோ பெரும்பாலும் ஒரே குரலில் பாடுகிறோம். தேவாலயத்துக்கு வெளியே, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதி பாடல்களைப் பல குரலில் ஒலிக்கச் செய்தார். அவர் திறந்த வழியில் நாம் இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் உடன்குரல் என்பது மெட்டுக்குப் பூட்டும் நகை அன்று. மெட்டின் பொருளை உரைக்கும் உரை. எடுத்துக்காட்டாக, 1601இல் இசையமைப்பாளர் ஹாஸ்லர் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டைப் பாக் தம் ‘மத்தேயு பாடுகள்’ என்னும் இசைப்படைப்பில் ஐந்து முறை எடுத்தாள்கிறார். இயேசு உயிர்விட்டபின் அது கடைசியாக வரும்போது, மேற்குரல் அதே மெட்டைப் பாட, கீழ்க்குரல்கள் அரைச்சுர நெருக்கங்களில் தவிக்கின்றன. மெட்டு மாறவில்லை, அதன் பொருள் ஆழமாகிறது.

ஆனால் பாக்கின் இலக்கணத்தை அப்படியே நம் இராகத்தின் மேல் ஏற்ற முடியாது. மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் ச-க-ப, த-ச-க என்னும் இரண்டே முழு முச்சுரக் கூட்டுகள் கிடைக்கும். மெட்டு ரியில் நின்று சவில் முடியும்போது, பழக்கத்தில் கை ப-நி-ரி என்ற கூட்டைத் தேடும். அந்த நிஷாதம் நுழைந்த கணமே மோகனம் கலைந்துவிடும். அதற்கு மாறாக, பேஸும் ஆல்ட்டோவும் பவில் நிற்கட்டும். சோப்ரானோவும் டெனரும் ரியைப் பிடிக்கட்டும். அடுத்த அடியில் பேஸ் சவுக்கு இறங்க, ஆல்ட்டோ பவிலேயே நிற்க, சோப்ரானோ ரியிலிருந்து சவுக்கு இறங்க, டெனர் ரியிலிருந்து கவுக்கு ஏறட்டும். ச-க-ப முழுமையாக மலரும். அந்நிய சுரம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இன்னும் கடினமான சோதனை. தோடி இராகத்தின் காந்தாரம் அசைந்தே நிற்கும். அதன் அடியில் மற்றொரு குரல் அசையாத காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டும் மோதும். அங்கே ச-ப சுருதியை மட்டும் கீழ்க்குரல்களுக்குத் தந்து விலகி நிற்பதே நல்லது. எங்கே கூட்டு வேண்டாம் என்று அறிவதும் இக்கலையில் பாதி.

மற்றொன்று: இத்தகைய இடங்களில் தவிர, ஆல்ட்டோ பாடுவோரை ஒரே சுரத்தில் நெடுநேரம் நிறுத்திவைக்கும் வழக்கத்தை விடுவோம். உள்குரல் ஒவ்வொன்றும் தனியே பாடினாலும் ஒரு பாட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாடுவோர் அதை மனம் ஒன்றிப் பாடுவர்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அமைப்புகளைத் தாளில் காட்டுவதோடு நில்லாமல், இங்கு வந்துள்ள குழுவைக் கொண்டு பாடிக் காட்டுங்கள். இராகம் கலையாமல் நின்றதா என்று காது சொல்லட்டும். ஒத்துவந்தவற்றைத் தொகுத்து, சிற்றூர்ப் பாடகர் குழுக்களும் எடுத்துப் பாடும்படி சுரக்குறிப்புடன் வெளியிடுவோம். அந்தப் பணியை முன்வைத்து இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.