பதறாமல் இருக்க ஒரு பயிற்சி

(மைசூருவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செல்போனில் பணம் அனுப்புவது எப்படி, வீடியோவில் பேரனைப் பார்ப்பது எப்படி என்றெல்லாம் நம் குழந்தைகள் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் போன் வழியாக ஒருவன் மிரட்டினால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சரஸ்வதிபுரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். போலீஸ் உடையில் ஒருவன் வீடியோவில் வந்து, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்று இரண்டு நாள் மிரட்டி, சேமிப்பில் பெரும்பகுதியைப் பறித்துவிட்டான். நான் போய்ப் பார்த்தபோது பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. "பசங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?" என்றுதான் கேட்டார். தூக்கம் போய்விட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். பணம் போனதைவிட, வெட்கத்தால் வாய் மூடிக்கொண்டதுதான் பெரிய நஷ்டம்.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொல்லி, நில், யோசி, பிறகு செயல்படு என்று மூன்று படிகளைக் கூறினார். கேட்க எளிதுதான். ஆனால் பயம் வந்தவுடன் படித்த படிப்பு உதவிக்கு வருவதில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது அல்லவா? இதுவும் அப்படித்தான், பழகினால்தான் வரும்.

எனவே மாதம் ஒரு முறை நாம் கூடுவோம். ஒருவர் மிரட்டுபவராக நடிக்கட்டும். மற்றவர், "வீட்டில் கேட்டுவிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துப் பழகட்டும். பத்துத் தடவை செய்தால் பதினோராவது தடவை கை தானாகவே வைத்துவிடும். உடனே கூப்பிட்டுச் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உறுப்பினர் இருக்கட்டும்.

இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறுவதைத் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. மனம் கலங்கினால் 14416. இது 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

பேரக்குழந்தைகளுக்கும் இதே பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. செல்போனையும் விளையாட்டையும் விட முடியாதவர்களுக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-ல் தனி சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. திட்டுவார்கள் என்று குழந்தை மறைக்கிறது. சிரிப்பார்கள் என்று தாத்தா மறைக்கிறார். இருவருக்கும் வேண்டியது பயமில்லாமல் பேசக்கூடிய ஒரு வீடு.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இதைப் படிக்கும் இளைய உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ ஏமாந்துவிட்டதாகச் சொன்னால், "எப்படி ஏமாந்தே?" என்று முதலில் கேட்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.