தெரு போனாலும் ஏடு போகவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர். குளிர், சம்பளம், சாப்பாடு எல்லாம் இந்த மேடையில் பலர் பேசியாயிற்று. நான் ஒரு தெருவைப் பற்றிப் பேசுகிறேன்.

இரண்டு ஆண்டுகள் நான் வேலை பார்த்தது ஸ்காட்லாந்தின் டண்டீயில். வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன சணலை நெய்து வளர்ந்த ஊர். 1889இல்தான் 'சிட்டி' ஆனது, அதுவரை 'டவுன்'தான். அங்கே ஓவர்கேட் என்று ஒரு பழைய தெரு. 'கேட்' என்றால் வாசற்கதவு இல்லை. அந்த ஊர்ப் பழைய பேச்சில் தெரு. மேட்டுத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1960களில் அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டினார்கள். அதையும் மாற்றிக் கட்டி 2000இல் திறந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்தவர், "என் எள்ளுத்தாத்தாவுக்கு அந்தத் தெருவில் மளிகைக்கடை இருந்ததாம். எந்த இடம்னுதான் தெரியவில்லை" என்றார். தெருவே இல்லை, கடையை எங்கே போய்த் தேடுவது? சனிக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்தோம்.

அந்த நாட்டில் ஏடுகள் அருமையாக இருக்கின்றன. 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கட்டாயப் பதிவு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸில் ஆட்களின் பெயரே இருக்கிறது. நூறு ஆண்டு ஆன பிறகுதான் காட்டுவார்கள். 1921ஆம் ஆண்டு சென்சஸ் 2022இல்தான் திறக்கப்பட்டது. போஸ்ட் ஆபீஸ் டைரக்டரியில் பெயர், தொழில், கடை முகவரி, வீட்டு முகவரி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது 'வேல்யுவேஷன் ரோல்' என்ற வரி மதிப்பீட்டு ஏடு. 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி 1855 முதல் 1989 வரை ஆண்டுதோறும் எழுதினார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் யார், வாடகைதாரர் யார், இருப்பவர் யார், ஆண்டு வாடகை எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத சின்னக் கடைக்காரரும் அதில் இருப்பார். ஒரே ஒரு ஓட்டை உண்டு. ஆண்டு வாடகை நான்கு பவுனுக்குக் கீழே என்றால் குடியிருப்பவர் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பரம ஏழை அங்கே காணாமல் போய்விடுவார்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. கடைக்கு முந்தைய காலத்து ரோலில் அந்தக் குடும்பத்தைக் காணோம். 1871 சென்சஸில் அகப்பட்டார்கள். தெருவிலிருந்து உள்ளே போகும் குறுகலான சந்து ஒன்றில், ஏழு பேர். ஸ்காட்லாந்து சென்சஸில் 1861 முதல் ஜன்னல் உள்ள அறைகளை எண்ணி எழுதும் வழக்கம் உண்டு. இவர்களுக்கு எதிரே '1' என்று இருந்தது. நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

1881இல் கடை வந்துவிட்டது. 1884இல் தாத்தா இறந்ததற்குப் பதிவு இருக்கிறது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். 1885 ரோலைத் திறந்தால் அதே கடை, வாடகைதாரர் பெயர் மட்டும் வேறு. பக்கத்தில் 'விதவை' என்று குறிப்பு. 1895இலும் அவரேதான். 1901 சென்சஸில் 'மளிகை வியாபாரி, சொந்தத் தொழில்'. ஆக, தாத்தா கடை நடத்தியது மூன்று நான்கு ஆண்டு. பாட்டி நடத்தியது அதற்கு மேல் பதினாறு ஆண்டு. வீட்டிலோ நான்கு தலைமுறையாக அது 'தாத்தா கடை'! வாடகை கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த நாட்டுப் பதிவுகளில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய பெற்றோர் வரை போக முடிந்தது.

இனி இடம். இங்கேதான் நம் படிப்பு உதவியது. கதவு எண்ணை நம்பக்கூடாது, நடுவில் மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு ரோலிலும் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், மூலைக்கடை எது என்று பார்த்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஆர்டனன்ஸ் சர்வே அந்த நாளில் போட்ட நகரப் படங்கள் 1:500 அளவு. ஐந்து மீட்டர் அகலக் கடை படத்தில் ஒரு சென்டிமீட்டர். சந்து பொந்தெல்லாம் தெளிவாகத் தெரியும். சர்வே வகுப்பில் சொல்வார்களே, மாறாத புள்ளி ஒன்று வேண்டும் என்று? 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய தேவாலயக் கோபுரம் வளாகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதை வைத்துப் பழைய படத்தைப் புதிய படத்தின் மேல் பொருத்தினோம். கடை இருந்த இடம் இப்போது வளாகத்துக்குள்ளே, ஜனங்கள் நடக்கும் பாதையில்.

நண்பர் தன் பேத்தியை அங்கே கூட்டிக்கொண்டு போய், "இது பாட்டியுடைய கடை" என்று காட்டினார். 'தாத்தாவுடைய' என்று சொல்லவில்லை.

தம்பி தங்கைகளே, நினைவு என்பது பெயர்ப்பலகையைத்தான் வைத்துக்கொள்கிறது. வாடகை ரசீதை வைத்துக்கொள்வதில்லை. உழைத்தவர் யார் என்று தெரிய ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். நாளைக்கு நீங்கள் போடும் வரைபடம், எழுதும் அளவுப் புத்தகம் எதிலும் தேதியும் பெயரும் விடாமல் எழுதுங்கள். நூறு ஆண்டு கழித்து யாரோ ஒரு பேரன் அதைத் தேடி வருவான்.