கடலடியில் போனவர்களின் பெயர்கள்

(நமது அறக்கட்டளையின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



டிசம்பர் 7 கொடிநாள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உண்டியல் ஏந்தி வருவார்கள், நாமும் பத்தோ இருபதோ போட்டு, சட்டையில் கொடியைக் குத்திக்கொள்வோம். டிசம்பர் 4 கடற்படை நாள் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் டிசம்பர் 8 என்ன நாள் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. அது இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி நாள். 1967 டிசம்பர் 8 அன்று, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ரிகா துறைமுகத்தில், நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். கல்வரி கடற்படையில் சேர்க்கப்பட்டது. அன்று இருபத்தைந்து வயதில் அதில் ஏறிய வாலிபர் இன்று நம்மோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்.

இன்று நான் பேச வந்தது, நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி மறைந்துபோன மனிதர்களை உலகம் எப்படி நினைவில் வைக்கிறது என்பதைப் பற்றி. அதில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் அவர்கள் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். விசாகப்பட்டினம் போனவர்கள் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கியைப் பார்த்திருப்பீர்கள். 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்தது. 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் சுமார் 91 மீட்டர். அதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். இயந்திரம், மின்கலம், டார்பிடோ எல்லாம் போக மிச்சமிருந்த இடம்தான் மனிதர்களுக்கு. ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும், குளிப்பது அபூர்வம். டீசல் வாடை உடம்போடு ஊறிவிடும். வெயில் எப்போது, இரவு எப்போது என்பதைக் கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அடுத்த முறை போகும்போது படம் எடுத்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். "ஐயா, நீங்கள் எந்தக் கப்பலில் இருந்தீர்கள்? எத்தனை நாள் கடலுக்குள் இருந்தீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் இருக்கிறது. தாழ்ந்த அலைவரிசை வானொலி அலைகளைக் கொண்டு, நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்து செய்தி அனுப்புகிறார்கள். இந்த முறையில் கீழே இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. நீர்மூழ்கிக்காரரின் வீட்டாருடைய நிலையும் ஏறக்குறைய அதுதான். மகன் எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று தாய்க்குத் தெரியாது. அவனாலும் சொல்ல முடியாது.

இப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. 2013 ஆகஸ்ட் 14 அதிகாலையில், மும்பை கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக் வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 18 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் சுதந்திர தினம். அடுத்த ஆறு மாதத்தில், 2014 பிப்ரவரி 26 அன்று, மும்பைக்கு அப்பால் கடலில் சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீயும் புகையும் சூழ்ந்தது. கபிஷ் முவால், மனோரஞ்சன் குமார் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாத அவர்களுக்கு சௌர்ய சக்ரா விருது வழங்கப்பட்டது. தொடர்ந்து நடந்த விபத்துகளுக்குப் பொறுப்பேற்று, கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி அன்றே பதவி விலகினார்.

சகோதரர்களே, ஒருவர் மௌத்தானால் நாம் என்ன செய்கிறோம்? குளிப்பாட்டி, கஃபன் இட்டு, ஜனாஸா தொழுது, அடக்கம் செய்கிறோம். பிறகு மையவாடிக்குப் போய் ஸலாம் சொல்லி நிற்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது. கடலடியில் போனவருடைய வீட்டாருக்கு அந்த இடம் இல்லை. நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குப் போன குடும்பங்கள் உண்டு. கடலில் போனவரின் உடல் கரைக்கு வராத வீட்டில் அந்தத் துக்கம் எப்படி ஆறாமல் கிடக்கும் என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடக்க இடம் இல்லாதபோது நினைவை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீர்மூழ்கி வீரர்கள் ஒரு வழி கண்டார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது. சுமார் 3,500 பேர் மாண்டார்கள். ரோந்துக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. பல கப்பல்களுக்கு என்ன ஆனது என்பதே யாருக்கும் தெரியாது. குறித்த நாளில் துறைமுகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். உயிரோடு வீடு திரும்பியவர்கள் 1955-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். தங்களோடு பணியாற்றித் திரும்பாமல் போனவர்களை மறக்கவிடக் கூடாது என்பது அதன் முதன்மையான வேலை. ஆண்டுதோறும் கூடுவார்கள். ஒருவர் எழுந்து கப்பலின் பெயரையும், அது மறைந்த நாளையும், அதோடு போனவர்களின் எண்ணிக்கையையும் வாசிப்பார். மணி ஒரு முறை ஒலிக்கும். அடுத்த கப்பல், மறுபடி ஒரு மணி. இப்படி 52 முறை. அந்தக் கப்பல்கள் 'மூழ்கிவிட்டன' என்று அவர்கள் சொல்வதில்லை, 'இன்னும் ரோந்தில் இருக்கின்றன' என்பார்கள். போரில் தப்பி, முதுமையில் வீட்டுப் படுக்கையில் இறந்த தோழரைப் பற்றியும் 'முடிவில்லாத ரோந்துக்குப் புறப்பட்டார்' என்றுதான் குறித்து வைப்பார்கள். பெயர், பணியாற்றிய கப்பல், இறந்த நாள் எல்லாம் பட்டியலில் ஏறும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் நிற பேதம் கடுமையாக இருந்தது. கறுப்பினத்தவரும் பிலிப்பைன்ஸ், குவாம் தீவுக்காரர்களும் பெரும்பாலும் சமைக்கவும் பரிமாறவும்தான் அனுமதிக்கப்பட்டார்கள். கப்பல் மூழ்கியபோது கேப்டனும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவரும் ஒன்றாகவே போனார்கள். நினைவுப் பட்டியலில் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது பிரித்து வைத்தவர்களை அந்தப் பட்டியல் ஒரே வரிசையில் நிறுத்தியது.

ஆண்டுகள் போகப் போக, பெயர் வாசிப்பவர்களும் குறைந்தார்கள். எழுந்து நிற்கவே ஆள் இல்லை என்ற நிலை வந்தபோது, 2012-ல் அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அடுத்த தலைமுறை நீர்மூழ்கிக்காரர்கள் தனியாக ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். மணி அடிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதனால் இன்றும் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன.

அந்த 52 கப்பல்களில் ஒன்று கிரனியன். 1942 ஜூலை 30 அன்று, அலாஸ்காவுக்கு அப்பால் கிஸ்கா தீவின் அருகிலிருந்து அதன் கடைசிச் செய்தி வந்தது. அதன்பின் சத்தமே இல்லை. உள்ளே 70 பேர். அதன் தலைவர் மானர்ட் ஏபெலுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. தந்தை எப்படி இறந்தார், எங்கே கிடக்கிறார் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்தது ஆச்சரியமானது. ஒரு பழம்பொருள் கடையில், கானோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலின் பழைய மின்கம்பி வரைபடம் ஒன்றை ஒருவர் ஒரு டாலர் கொடுத்து வாங்கினார். அது என்ன கப்பல் என்று விசாரிக்கப் போக, யுடாகா இவாசாகி என்ற ஜப்பானிய ஆர்வலர் உதவினார். அந்தக் கப்பலில் இருந்த அதிகாரி ஒருவர், ஒரு நீர்மூழ்கியோடு நடந்த மோதலைப் பற்றித் தன் மொழியில் எழுதி வைத்திருந்தார். இவாசாகி அதைத் தேடி எடுத்து மொழிபெயர்த்துக் கொடுத்தார். அதை வைத்து மூன்று பிள்ளைகளும், அதற்குள் அவர்களே முதியவர்களாகிவிட்டார்கள், தங்கள் செலவில் தேடலைத் தொடங்கினார்கள். 2006-ல் கடலடியில் ஓர் உருவம் தென்பட்டது. 2007-ல் அது படம் எடுக்கப்பட்டது. 2008-ல் அமெரிக்கக் கடற்படை அது கிரனியன்தான் என்று உறுதி செய்தது. எதிரியாகச் சண்டையிட்ட நாட்டைச் சேர்ந்த ஒருவரின் குறிப்பும், அதே நாட்டின் இன்னொருவரின் உதவியும் இந்த வீட்டாரின் துக்கத்துக்கு ஒரு முடிவைக் கொடுத்தன.

என் மனதை அதிகம் தொட்டது அடுத்த பகுதி. கேப்டனின் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற 69 வீடுகளுக்கு யார் சொல்வது? மூன்று பெண்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெற்றோர் இல்லை, வீடு மாறிவிட்டது, பெண்களுக்குக் குடும்பப் பெயரே மாறிவிட்டது. ஆனாலும் நாடு முழுக்கத் தேடி, 70 பேரின் உறவினர்களையும் கண்டுபிடித்தார்கள். 2008 அக்டோபரில் கிளீவ்லாந்து நகரில், அங்கே அருங்காட்சியகமாக நிற்கும் காட் என்ற நீர்மூழ்கியின் அருகில் அந்தக் குடும்பங்கள் கூடின. கப்பலைக் கண்டுபிடிக்கப் பணம் தேவைப்பட்டது. குடும்பங்களைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது பொறுமைதான்.

இன்னொரு கப்பல் கிரேபேக். 1944 பிப்ரவரியில் 80 பேரோடு மறைந்தது. போருக்குப் பின் ஜப்பானிய ஆவணத்தை மொழிபெயர்த்தபோது, தீர்க்கரேகையில் ஒரே ஓர் இலக்கம் தவறிவிட்டது. அந்த ஒரு இலக்கத்தால் கப்பல் வேறு இடத்தில் கிடப்பதாகவே நம்பினார்கள். மூலப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்துத் தவறைக் கண்டவரும் அதே இவாசாகிதான். 2019-ல் ஒகினாவாவுக்கு அருகில் கப்பல் கிடைத்தது. 75 ஆண்டுகள்! பல மனைவிமார்கள், தாய்மார்கள் அந்தச் செய்தியைக் கேட்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பெரியோர்களே, ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பது நம் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பதிவில் பாத்திமா பீவி, இன்னொன்றில் ஃபாத்திமா பேகம், ஆதாரில் வெறும் பாத்திமா. மூன்றும் ஒரே பெண்தான். ஆனால் கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது, மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தப் பெண் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது!

ஆகவே, முப்படைகளில் எதில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் வீட்டில் இருந்தாலும், அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே சில காரியங்களைச் செய்து வையுங்கள். படை விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை இரண்டும் எங்கே இருக்கின்றன என்பது மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். அவற்றில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்தக் கேளுங்கள். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக இருப்பது நல்லது. உதவிக்கு மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே போக ஆள் துணை வேண்டுமென்றால் நம் அறக்கட்டளைத் தொண்டர்கள் வருவார்கள்.

இவை காகிதக் காரியங்கள். இதற்கு மேலான காரியம் ஒன்று உண்டு. அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கடற்படையோ, ராணுவமோ, வணிகக் கப்பலோ, எங்கே பணியாற்றியிருந்தாலும் சரி. எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தக் கப்பல், கூட இருந்தவர்கள் யார், யார் திரும்பவில்லை என்று பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கட்டும். நீர்மூழ்கிக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ரகசியம் காப்பது அவர்கள் தொழிலின் பாதி. ரகசியத்தைக் கேட்க வேண்டாம். அங்கே என்ன சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், யாரை நினைத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

கிரனியனில் போன 70 பேரையும் பெயர் சொல்லி நினைக்க முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்ததும், யாரோ சிலர் அலுக்காமல் தேடியதும்தான். நம் மஹல்லாவில் மறைந்த கடலோடிகளுக்காகவும் படைவீரர்களுக்காகவும் இந்த மாதம் முதல் ஒரு பதிவேட்டை அறக்கட்டளை அலுவலகத்தில் திறந்து வைக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், பணியாற்றிய இடம், கப்பல், மௌத்தான நாள், தெரிந்த ஒன்றிரண்டு செய்திகள், அவ்வளவு போதும். அதிகாரியாக இருந்தவருக்கும் கப்பலில் சமைத்தவருக்கும் அதில் ஒரே அளவு இடம்தான். லுஹர் தொழுகைக்குப் பின் அஸர் வரை அலுவலகம் திறந்திருக்கும். தாய்மார்கள் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பினாலும் எழுதிக்கொள்வோம். எழுதுவதற்கு முன் எழுத்துக்கூட்டி மறுபடி வாசித்துக் காட்டுவோம். ஓர் எழுத்தும் தவறக் கூடாது.

மறைந்தவர்களின் குடும்பங்களுக்கு அல்லாஹ் அழகிய பொறுமையைத் தருவானாக. இன்றும் கடலுக்கடியில் பணியில் இருப்பவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.