பெயர் சொல்லாப் பெருமான்



பெற்றோரையும் ஆசிரியரையும் பெயர் சொல்லி அழைக்க நம் நா கூசும். மதிப்பு மிகுந்தவிடத்துப் பெயரை ஒழித்து முறை சொல்லி வழங்குவது மக்கள் இயல்பு. இவ்வியல்பை இறைவன்பால் மிக நுட்பமாகக் காத்து வருபவர் யூத மக்கள். அவர்தம் வழக்கினை இன்று சிறிது காண்போம்.

எபிரேய மறையில் இறைவனுடைய திருநாமம் நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது. இறைவன் பெயரை வீணில் வழங்காதே என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. ஆதலின் அந்நாமத்தை ஓதவே முன்னோர் அஞ்சினர். எருசலேம் திருக்கோயில் நிலைபெற்றிருந்த காலத்தில், பாவநிவிர்த்தித் திருநாளன்று தலைமைக் குரு அதனை ஓதுவார் என்றும், கேட்ட மக்கள் நிலமுற வீழ்ந்து வணங்குவர் என்றும் மிஷ்னா என்னும் பழைய நூல் கூறுகின்றது. கி. பி. 70-ஆம் ஆண்டில் உரோமர் அக்கோயிலை அழித்தனர். நாளடைவில் திருநாமத்தின் உச்சரிப்பும் வழக்கொழிந்தது. இன்று மறையில் அவ்வெழுத்துக்களைக் காணுமிடத்து 'அதோனாய்' என்று வாசிக்கின்றனர். 'என் ஆண்டவர்' என்பது அதன் பொருள்.

அதோனாய் என்பதும் தொழுகைக்கும் மறை ஓதுதற்குமே உரியது. சமயப் பற்றுடையோர் அன்றாடப் பேச்சில் 'ஹஷேம்' என்பர்; 'அந்தப் பெயர்' என்பதே அதன் பொருள். 'எலோஹிம்' என்னும் சொல்லையும் வெறும் பேச்சில் 'எலோகிம்' என ஓர் ஒலி மாற்றியே வழங்குவர். "நலந்தானா?" என்று வினவினால், "பாருக் ஹஷேம்", அதாவது "திருப்பெயர் போற்றி" என்று விடை வரும். நன்மைக்கு இறைவனை வாழ்த்துவது போலவே தீமை வந்தபோதும் வாழ்த்துக என்பது அவர்தம் முன்னோர் விதி. ஆதலின் நோயுற்றவரும் இவ்விடை கூறுதல் உண்டு.

பெயரைச் சொல்லாமை இறைவனை மனிதனிடமிருந்து விலக்கி விடாதோ என்று நீங்கள் வினவலாம். நடந்தது வேறு. ஒரு பெயரை மறைத்தமையால் பல பெயர்கள் தோன்றின. முறையிடும்போது 'உலகின் தலைவா' என்பர். தவநாட்களில் 'எம் தந்தையே, எம் அரசே' என்று வேண்டுவர். அரசியலிலும் இத்தகைய ஒரு பெயர் உதவியது. 1948 மே 14 அன்று இஸ்ரவேல் நாட்டின் விடுதலைப் பிரகடனத்தில் கடவுளைக் குறிப்பதா வேண்டாவா என்னும் பூசல் எழுந்தது. 'இஸ்ரவேலின் பாறை' என்னும் பழஞ்சொல் அதனைத் தீர்த்தது. பக்தர் அதில் கடவுளைக் கண்டனர். ஏனையோர் தம் மக்களின் உறுதியைக் கண்டனர்.

இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பெயர் 'ஹமாகோம்' என்பது. 'இடம்' என்பது அதன் பொருள். இறைவனுக்கு உலகம் இடமன்று, உலகுக்கு இறைவனே இடம் என அவர்தம் ஆன்றோர் விளக்கினர். இறப்பு நேர்ந்த வீட்டில் துயருற்றோரைத் தேற்ற வந்தவர், விடைபெறும்போது இப்பெயரையே சொல்லி, அவன் உமக்கு ஆறுதல் அளிப்பானாக என வாழ்த்துவர். வீட்டில் ஓர் இடம் வெறுமையாகிவிட்ட வேளையில், எல்லார்க்கும் இடமாகி நிற்பவனை நினைவூட்டும் சொல் அது.

திருநாமத்தை நாவில் அடக்கியவர்கள் இறைவனை நாள்தோறும் நாவில் வைத்திருக்கின்றனர். சொல்லை அளந்து வழங்கும் பயிற்சி எச்சமயத்தார்க்கும் பயன் தருவதன்றோ?