சமாதானப் பேச்சில் சிறுபான்மையின் இடம் – இலங்கை வட மாகாண முஸ்லிம்கள் தரும் படிப்பினை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பல இன மக்கள் வாழும் நாட்டில் சமாதானம் எவ்வாறு உண்டாகும் என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்காட்டுவர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களும் அருகிலிருந்த பலரும் குண்டுவெடிப்பில் உயிரிழந்தது நம் ஸ்ரீபெரும்புதூர் மண்ணில்தான். அந்த நினைவிடத்தைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்கிறோம். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன், அதே விடுதலைப் புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு என்ன செய்தது என்பதை நம்மவர் பலர் அறியமாட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கைத் தமிழர் காரணமின்றி ஆயுதம் ஏந்தவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். இவற்றை மறைத்துவிட்டு முஸ்லிம்களின் துயரத்தை மட்டும் பேசுவது நீதியாகாது.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் உத்தரவிட்டனர். அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரிப் பகுதிக்கு அழைக்கப்பட்டனர். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் சிறிதளவு பணமும் மாற்றுடையும் மட்டுமே அனுமதி. தங்க நகைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே பேசி வாழ்ந்தவர்கள், தமிழருக்காகப் போராடுவதாகச் சொன்னவர்களாலேயே அகதிகளாக்கப்பட்டனர்.

நம் தரப்பிலும் கறை உண்டு. அதே 1990இல் கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர் தமிழர் மீது கொடுமை புரிந்தனர். வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதை அப்பகுதித் தமிழர் இன்றும் மறக்கவில்லை. நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராகவே அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்கிடும் கட்டளை. ஆகவே இதையும் சொல்லியே ஆகவேண்டும்.

இனிப் பேச்சுவார்த்தைக்கு வருவோம். 2002 பிப்ரவரியில் நார்வே நாட்டின் முயற்சியால் அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்பாடு செய்தனர். ஏப்ரல் மாதத்தில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியதற்குப் புலிகளின் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஏப்ரல் 13ஆம் நாள் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பலாம் என்றும், பேச்சில் முஸ்லிம்கள் பங்குகொள்ளலாம் என்றும் ஏற்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு தொடங்கியபோது முஸ்லிம்களுக்குத் தனித் தூதுக்குழு இல்லை. ஹக்கீம் அமர்ந்தது அரசுக் குழுவின் ஓர் உறுப்பினராக. அதாவது, அமைச்சராக இருக்கும் வரை இருக்கை. சமூகத்தின் பெயரால் இருக்கை இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகும் அதே கதை. நிவாரணப் பணிக்கென 2005 ஜூன் மாதத்தில் ஒரு பொதுக் கட்டமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் குழுவில் முஸ்லிம்களுக்கு இடம் எழுதப்பட்டிருந்தது. கையொப்பமிட்டவர்களோ அரசும் புலிகளும் மட்டுமே. கிழக்கில் கடலோர முஸ்லிம் ஊர்கள் பெரும் அழிவுக்கு உள்ளாகியிருந்தும், தங்களைக் கேளாமலே தங்களுக்குரிய பங்கு எழுதப்பட்டதை அவர்கள் ஏற்கவில்லை.

அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்ததும் எழுதச்செய்த சாசனத்தை நினைத்துப் பாருங்கள். "மதீனாவாசிகள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. பனூ அவ்ஃப், பனூ ஸாயிதா, பனுல் ஹாரிஸ், பனூ ஜுஷம் என்று ஒவ்வொரு கோத்திரமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. அவர்களோடு இணைந்திருந்த யூதர்களும் அவ்வாறே தனித்தனியே குறிக்கப்பட்டனர். மதரஸாவில் இதை ஓதியபோது, ஏன் இத்தனை பெயர்கள் என்று எங்களுக்குச் சற்று அலுப்பாகக்கூட இருந்தது. இலங்கை வரலாற்றைப் படித்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது.

2009 மே மாதத்தில் எண்ணற்ற தமிழ்ப் பொதுமக்களின் உயிரைக் குடித்து யுத்தம் முடிந்தது. முஸ்லிம்கள் திரும்பத் தொடங்கினர். வருத்தம் தெரிவிப்பது எளிது, வீட்டைத் திருப்பிக் கொடுப்பதே கடினம் என்பது அப்போது தெரிந்தது. ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் இருபது ஆண்டுகளில் நான்கு குடும்பங்களாகியிருந்தனர். நிலமோ பழைய அளவே. யாழ் சோனகத் தெருவில் கூரையில்லாச் சுவர்களே எஞ்சியிருந்தன. மன்னாரின் தென்பகுதியில் ஆளின்றிக் கிடந்த ஊர்கள் காடாகிவிட்டன. அப்பகுதிகள் 2012இல் வன ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட, சொந்த ஊருக்கு வந்தவர்கள் காட்டை அழிப்பவர்கள் என்று பழிக்கப்பட்டனர்.

எனினும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கொரோனா காலத்தில், 2020இல், முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில் பொத்துவில்லிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய பேரணியில், நல்லடக்க உரிமையும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. முஸ்லிம்கள் வழியெங்கும் அதில் கலந்துகொண்டனர். அம்மாத இறுதியில் அரசு அடக்கம் செய்ய அனுமதித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. எத்தனையோ பேச்சுமேசைகள் செய்யாததை, அடுத்தவரின் மையித்துக்காக நடந்த அந்தக் கால்கள் செய்தன என்பது என் எண்ணம்.

ஜமாஅத்தார்களே! இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை உள்ள தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினர். பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அச்சமயம் அவர்களிடம் போய்ப் பேச நம்மிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. நம் ஜும்ஆவின் பின் ஸஃப்புகளில் அமர்பவர்கள் அவர்கள். பயான் அவர்களுக்குப் புரிவதில்லை. சந்தாப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களில் ஒருவர் மவுத்தானால் அடக்கம் செய்வது குறித்து அவர்கள் இல்லாத கூட்டத்தில் நாமே முடிவெடுக்கிறோம். "வடக்கன்" என்ற சொல் பள்ளிவாசல் ஹவுழ் ஓரத்திலேயே என் காதில் விழுகிறது.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் இருவர், நிர்வாகக் கூட்டங்களில் வாக்குரிமையுடன் அமர வேண்டும் என்று கோருகிறேன். நாம் பொறுக்கி எடுக்கும் இருவர் அல்லர். ஜும்ஆ பயானுக்குப் பின் பத்து நிமிடம் உர்தூவில் சுருக்கம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதற்கான தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இப்போது வாசிப்பார்கள். மறுப்புள்ளவர்கள் எழுந்து தாராளமாகக் கூறலாம்.

வஸ்ஸலாம்.