வலி மாத்திரையும் படபடப்பு மாத்திரையும் சேரும்போது...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வரவு செலவு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ ஒரு பத்து நிமிஷம் மாத்திரையைப் பத்திப் பேசலாம்.

நாத்து நட்டுட்டு வந்த ராத்திரி இடுப்பு வலி தாங்காது. உடனே மெடிக்கலுக்குப் பிள்ளையை அனுப்பி, "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போட்டுக்கறோம். நம்மில் சில பேர் படபடப்பு, பயம், தூக்கமின்மைக்காக டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வர்றாங்க. அதை "நரம்பு மாத்திரை"னு சொல்லிக்கறோம். பல பேர் அதைக்கூட சொல்றதில்லை. 'பைத்தியம்னு பேசுவாங்க' என்கிற பயம். இந்த மறைப்புதான் ஆபத்து. நாம ஏற்கெனவே என்ன சாப்பிடறோம்னு தெரியாமல் இன்னொரு மாத்திரையை எப்படிச் சரியாகக் கொடுக்க முடியும்?

படபடப்பு மாத்திரை பெரும்பாலும் இரண்டு வகை. அல்பிரசோலம், குளோனசெபம், டயஸிபம் போன்றவை உடனே அமைதிப்படுத்தும், தூக்கம் வரும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை தினமும் சாப்பிட்டு வர, சில வாரங்களில் மெதுவாகக் குணம் காட்டும். வலி மாத்திரையை மூன்று வகையாகப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதலாவது பாரசிட்டமால். இது பொதுவாக இந்த இரண்டு வகையோடும் ஒத்துப்போகும். வலிக்கு முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். ஆனால் அளவு முக்கியம். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேணும். நல்ல ஆரோக்கியமான பெரியவங்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, அதற்கு மேல் போகவே கூடாது. மெலிஞ்சவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க, மது பழக்கம் உள்ளவங்க டாக்டரைக் கேட்டு இன்னும் குறைவாகத்தான் எடுக்கணும். சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்க்கணும்.

இரண்டாவது டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்லோஃபெனாக். இவை வயிற்றைப் புண்ணாக்கும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் சாப்பிடறவங்க இதையும் சேர்த்தால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு வர வாய்ப்பு கூடும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மூன்றாவது டிரமடால். இதுதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது. பாரசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருது. அல்பிரசோலம் வகையோடு இது சேர்ந்தால் அளவுக்கு மீறின மயக்கம் வரும், மூச்சு அடங்கும், உயிரே போகலாம். 2016-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த வகை மருந்துகளில் இதைப் பத்திக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. எஸ்சிட்டலோபிராம் வகையோடு டிரமடால் சேர்ந்தாலும் நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். டிரமடாலும் அல்பிரசோலமும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள்.

இப்போ புரியுதா, செட் மாத்திரையில் என்ன ஆபத்துன்னு? அட்டையிலிருந்து வெட்டி, பேப்பர் கவரில் போட்ட நாலு மாத்திரைக்குப் பேர் எங்கே இருக்கு? எது பாரசிட்டமால், எது டிரமடால்னு நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. "வலி மாத்திரை போடற அன்னைக்கு நரம்பு மாத்திரையை விட்டுடறேன்"னு சில பேர் சொல்றாங்க. இது தப்பு. ரொம்ப நாளாகச் சாப்பிடற அல்பிரசோலம், குளோனசெபத்தைத் திடீர்னு நிறுத்தினால் படபடப்பு முன்னைவிட அதிகமாகும். வலிப்புகூட வரலாம். நிறுத்தறதா இருந்தால் டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்.

சரி, என்ன செய்யலாம்?

1. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் ஒரே பையில் போட்டு வையுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பையோடு போங்க.

2. மெடிக்கலில் செட் மாத்திரை கேட்காதீங்க. பேர் தெரியற அட்டையோடு கேளுங்க. "நான் படபடப்புக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்கிற ஒரு வரியைக் கூச்சப்படாமல் சொல்லுங்க. கடையில் ஆள் நின்னால், அட்டையை நீட்டினாலே போதும்.

3. பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம், நம்ம மாத்திரையைக் கொடுக்கவும் வேண்டாம்.

4. யாராவது எழுப்பியும் எழுந்திரிக்காமல் கிடந்தால், மூச்சு மெதுவானால், 'தூங்கட்டும்'னு விடாதீங்க. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

5. மனசு சரியில்லைன்னா 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். 2022-ல் தொடங்கின மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்களை நாம யாரும் கேலி பண்றதில்லை. படபடப்புக்குச் சாப்பிடறதும் அதே மாதிரிதான். ஒருத்தி நம்பிச் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டு போகாதீங்க. பேச்சு கிளம்பினால் அவள் மறுபடியும் மறைக்க ஆரம்பிப்பாள். மறைச்சால் என்ன ஆகும்னு இப்போ உங்களுக்கே தெரியும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்க.