கிட்டாரை ஓரங்கட்டிய குழு: ‘கிட் ஏ’ ஆல்பமும் அதன் விமர்சகர்களும்

2000 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தில் ‘கிட் ஏ’ வெளிவந்தது. ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பம் அது. முதல் பாட்டைக் கேட்ட ரசிகர்களில் சிலராவது, கடைக்காரர் வேறு தட்டைக் கொடுத்துவிட்டாரோ என்று உறையைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். கிட்டாரின் சுவடே இல்லை. சிந்தசைஸர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. பாடகரின் குரலோ துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்த ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்புதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள். ஏசியவர்களும் புகழ்ந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொன்னார்கள். மதிப்பெண்தான் வேறு வேறாகப் போட்டார்கள் என்பது இங்கே வைக்கப்படும் வாதம்.

ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பையன்கள் 1985இல் சேர்ந்த குழு இது. 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. கிராமி விருதும் கிடைத்தது. அதற்குப் பின் நடந்த உலகச் சுற்றுப்பயணம் பாடகர் தாம் யார்க்கை எப்படிக் கசக்கிப் பிழிந்தது என்பதை கிராண்ட் ஜீ எடுத்த 1998ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் பார்க்கலாம். ஊர்ப்பட்ட குழுக்கள் தங்கள் பாணியைப் போலச் செய்யத் தொடங்கியதும் யார்க்குக்குக் கிட்டார் இசையே சலித்தது. வார்ப் என்ற மின்னணு இசை நிறுவனத்தின் பழைய வெளியீடுகளை மொத்தமாக வாங்கிவந்து ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற கலைஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு வரிகளையும் தனித்தனித் தாளில் எழுதித் தொப்பிக்குள் போட்டு, குடவோலை எடுப்பதுபோல் எடுத்துக் கோத்தார்.

1999 ஜனவரியில் பாரிஸில் பதிவு தொடங்கியது. பிறகு கோபன்ஹேகன், குளோஸ்டர்ஷயர் கிராமப்புற மாளிகை ஒன்று, கடைசியாக ஆக்ஸ்ஃபோர்டில் சொந்த ஸ்டூடியோ. மூன்று கிட்டார்க்காரர்கள் உள்ள குழுவில் கிட்டாருக்கு வேலை இல்லை என்றால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பது? சின்னச் சின்னக் கிட்டார் பாட்டுகளாகப் போடலாம் என்று எண்ணியிருந்த கிட்டார்க்காரர் எட் ஓபிரையனுக்கு அது சோதனைக் காலம். குழு உடைந்துவிடும் என்ற பேச்சுகூட உள்ளுக்குள் எழுந்தது.

ஆல்பத்தில் உள்ள ‘இடியோடெக்’ பாட்டு உருவான கதை அந்த மாற்றத்தைக் கிட்டத்தில் காட்டும். இன்னொரு கிட்டார்க்காரரான ஜானி கிரீன்வுட் தாளக் கருவியையும் மாடுலர் சிந்தசைஸரையும் வைத்துக்கொண்டு மனம்போன போக்கில் சுமார் 50 நிமிடம் வாசித்துப் பதிவு செய்தார். ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த துணுக்கும் அதில் இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல், அறையை அடைத்து நிற்கும் ஐபிஎம் கணினியில் செய்த படைப்பின் துணுக்கு அது. 50 நிமிடத்தில் யார்க் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் சிறு துண்டின் மேல்தான் மொத்தப் பாட்டும் நிற்கிறது. ஒரு கல்விக்கூடத்துப் பரிசோதனை, கால் நூற்றாண்டு கழித்து, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் குதித்தாடும் பாட்டாகிவிட்டது. இதைக் குறும்பு என்று சொல்லலாம். சோம்பல் என்று சொல்ல முடியாது.

வெளியீடும் வழக்கம்போல் நடக்கவில்லை. சிங்கிள் கிடையாது, பாட்டுக்கு வீடியோ கிடையாது. இசை நிறுவன அதிகாரிகளுக்கே ஆளுக்கொரு பிரதி தராமல், ஹாலிவுட்டிலிருந்து மாலிபு வரை பேருந்தில் ஏற்றி முழு ஆல்பத்தையும் போட்டுக்காட்டினார்கள். விமர்சகர்களுக்கும் முன்பிரதி தரவில்லை. வைத்த இடத்தில் வந்து கேட்டுப் போக வேண்டியதுதான். இதற்கிடையில் நாப்ஸ்டர் என்ற இணையக் கோப்புப் பகிர்வுச் சேவை வழியாக ஆல்பம் கசிந்துவிட்டது. அப்படியும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 2 லட்சத்துக்கு மேல் விற்றது.

‘மெலடி மேக்கர்’ இதழில் மார்க் பியூமாண்ட் ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் போட்டார். பாட்டைக் காணோம், மேதாவித்தனம்தான் இருக்கிறது என்பது அவர் குறை. மறுபுறம் ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழில் பிரென்ட் டிக்ரெசென்சோ பத்துக்குப் பத்து வழங்கினார். மற்ற ஆல்பங்களோடு இதை ஒப்பிடவே கூடாது என்கிற அளவுக்குப் போனார். அவருடைய வர்ணனைகளை இன்றும் நக்கலடிப்பவர்கள் உண்டு. இருவர் சொன்னதையும் சுருக்கினால், இது பாட்டுகளின் தொகுப்பு அல்ல என்பதே மிஞ்சும்.

இசைத்தட்டுக் கடைக்காரரை நாயகனாக வைத்து ‘ஹை ஃபிடெலிட்டி’ நாவலை எழுதிய நிக் ஹார்ன்பி ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதியதுதான் எதிர்ப்புகளில் கனமானது. பதினாறு வயதுக்காரருக்கு இருக்கும் நேரமும் பொறுமையும் இந்த ஆல்பத்துக்கு வேண்டும் என்றார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர் என்ன செய்வார் என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால், அழகான மெட்டு கட்டத் தெரிந்தவர்கள் அதை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்ற அவருடைய சந்தேகம் வீண் இல்லை. அதே பதிவுகளில் பிறந்த ‘நைவ்ஸ் அவுட்’ என்ற தெளிவான கிட்டார் பாட்டு, 2001 ஜூனில் வந்த ‘அம்னீசியாக்’ ஆல்பத்துக்குப் போனது. பாட்டு வராமல் போகவில்லை. எதை முதலில் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தார்கள்.

2009இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழும் ‘பிட்ச்ஃபோர்க்’கும் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பமாக ‘கிட் ஏ’யைத் தேர்ந்தெடுத்தன. ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையோ 2000 முடிவதற்குள் மூடப்பட்டிருந்தது. அன்று ஏசியவர்கள் காது கேளாதவர்கள் என்று பிறகு வழக்கமாகச் சொல்லப்பட்டதில் நியாயம் இல்லை. ஓரிரு முறை கேட்டுவிட்டு எழுத வேண்டிய நிலையில், காதில் விழுந்ததைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் கோட்டை விட்டன. ஆல்பத்தின் நடுவில் வரும் ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ தாளமும் குரலும் இல்லாத வெறும் ஒலிப்பரப்பு. கிட்டார் ஒழிந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அது முழுக்க ஓபிரையனின் கிட்டாரைப் பதிவு செய்து, கணினியில் உருமாற்றிச் செய்தது. அப்படித் தெரிந்த பிறகும் அதன் மூன்றே முக்கால் நிமிடம் நகர மறுக்கிறது. அங்கே ஹார்ன்பி பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.